வெண்ணெய்க்கு ரொக்கம் கொடுத்த சீனர்

நியூசிலாந்து நாட்டின் பெருஞ்செல்வம் பசுக்கள். அங்கிருந்து பால்பொருள்கள் உலகெங்கும் போகின்றன. அந்தத் தொழிலுக்கு வழிகாட்டியவர்களில் ஒருவர் சீன வியாபாரி. அவர் பெயர் சூ சோங்.

காண்டன் பகுதியில் பிறந்தவர். தங்கம் தேடி மக்கள் ஆஸ்திரேலியாவுக்கு ஓடிய காலத்தில் அவரும் அங்கே போனார். பிறகு நியூசிலாந்து சென்றார். 1870 வாக்கில் தாரநாக்கி என்ற பகுதியை அடைந்தார்.

அங்கே போர் நடந்து முடிந்திருந்தது. பூர்வ குடிகளான மாவோரிகளின் நிலத்தை அரசாங்கம் பறிமுதல் செய்து வெள்ளையரைக் குடியேற்றியது. அவர்கள் காட்டை வெட்டிக் கொளுத்திப் புல் விதைத்தார்கள், பசு வளர்த்தார்கள், வீட்டில் வெண்ணெய் எடுத்தார்கள். ஆனால் கடைக்காரர்கள் காசு தரவில்லை. வெண்ணெய்க்குப் பதில் சாமான்தான்! வரி கட்டக்கூடக் கையில் பணம் இல்லை.

காளான் தந்த காசு

வெட்டிப்போட்ட மரங்களில் காது போன்ற காளான் முளைத்துக் கிடந்தது. யாரும் அதை மதிக்கவில்லை. சூ சோங் மட்டும் அதை அடையாளம் கண்டுகொண்டார். சீனர்கள் விரும்பி உண்ணும் பண்டம் அது!

ரொக்கம் கொடுத்து வாங்கிச் சீனாவுக்கு அனுப்பினார். பெண்களும் பிள்ளைகளும் காளான் பொறுக்கினார்கள். அந்தக் காசில் பல குடும்பங்கள் பிழைத்தன. வெண்ணெய்க்கும் அவர் ரொக்கம் கொடுத்தார்.

வெண்ணெய் ஆலை

1882-ல் குளிர்பதனக் கப்பல் முதன்முதலாக நியூசிலாந்து இறைச்சியை லண்டனுக்குக் கொண்டு சென்றது. வெண்ணெயும் கெடாமல் கடல் கடக்க வழி பிறந்தது. ஆனால் வீட்டுக்கு வீடு தரம் வேறாக இருந்தால் வெளிநாட்டில் விலை போகுமா?

1887-ல் எல்தாம் ஊரில் சூ சோங் வெண்ணெய் ஆலை கட்டினார். ஊர்ப் பாலெல்லாம் ஒரே இடத்தில் சேர்ந்தது. வெண்ணெய் ஒரே தரமாக வந்தது. டூனடின் நகரக் கண்காட்சியில் அவருடைய வெண்ணெய் வெள்ளிக் கோப்பை பெற்றது.

ஆனால் அதே நாடு 1881-லேயே வந்திறங்கும் சீனர்களுக்கு மட்டும் 10 பவுன் தலைவரி போட்டிருந்தது. 1896-ல் அது 100 பவுன் ஆயிற்று!

பின்னர் குடியானவர்களே கூட்டுறவு ஆலைகள் தொடங்கினார்கள். லாபம் பால் தந்தவருக்கே போயிற்று. போட்டியில் சூ சோங் நஷ்டப்பட்டு ஆலையைக் கைவிட்டார்.

ஆனால் ஊர் அவரை மறக்கவில்லை. முதுமையில் அவருக்கு நன்றி கூறி உபசாரப் பத்திரம் வாசித்தளித்தது. 1920-ல் அவர் காலமானார்.

தலைவரிக்காக நியூசிலாந்து அரசாங்கம் சீனர்களிடம் மன்னிப்புக் கேட்டது 2002-ல்தான். அவரிடம் வெண்ணெய் விற்ற ஏழைக் குடியானவர்களோ, அவர் உயிரோடிருந்தபோதே நன்றி சொல்லிவிட்டார்கள்.