ராமானுஜனைக் கொன்றது எது?

கணிதமேதை சீனிவாச ராமானுஜன் காசநோயால் மறைந்தார் என்றே பல்லாண்டுகள் நம்பப்பட்டு வந்தது. பொருளியல் பயின்ற எனக்கு அவருடைய தேற்றங்களைவிட அவருடைய வயிற்று நோயே அதிகம் பாடம் சொல்கிறது.

1887 டிசம்பர் 22-இல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர் அவர். 1906-இல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் பயின்றபோது சீதபேதி கண்டு ஊர் திரும்பினார். 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தரானார். 1914-இல் கேம்பிரிட்ஜ் சென்றார். 1917-இல் நோய் அவரைப் படுக்கையில் வீழ்த்தியது. முதலில் இரைப்பைப் புண் என்று கருதிய மருத்துவர்கள், பின்னர் காசநோய் என்று முடிவு செய்து காசநோய் விடுதிகளுக்கு அனுப்பினர். 1918-இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினர் என்னும் பெருமை வந்தது, உடல்நலம் வரவில்லை. 1919-இல் தாயகம் திரும்பியவர், 1920 ஏப்ரல் 26-இல் சென்னையில் தமது 32-ஆம் வயதில் காலமானார்.

அவருடைய நோய்க்குறிப்புகளை ஆராய்ந்த டி.ஏ.பி. யங் என்பவர், 1994-இல் வேறொரு முடிவை முன்வைத்தார். முற்றிலும் குணமாகாத சீதபேதியின் அமீபா கிருமி குடலில் தங்கி, ஆண்டுகள் கழித்துக் கல்லீரலைத் தாக்கியிருக்க வேண்டும் என்பது அவர் கருத்து. இக்கிருமி பெருங்குடலில் புண்களை உண்டாக்கி, இரத்தத்தின் வழியே கல்லீரலை அடைந்து சீழ்க்கட்டியாக மாறக்கூடியது. அதற்கான எமிட்டின் மருந்தின் பயனைக் கல்கத்தாவில் லியோனார்ட் ராஜர்ஸ் 1912-லேயே நிறுவியிருந்தார். யங்கின் கணிப்பு சரியெனில், மருந்து இருந்தும் நோய் இன்னதென்று அறியப்படாமலேயே ஒரு மேதையை இழந்தோம்.

நூறாண்டுகளுக்குப் பின்னரும் கம்பம் பள்ளத்தாக்கில் இக்கதை பழையதாகிவிடவில்லை. திராட்சைத் தோட்டங்களிலும், குமுளி கடந்து ஏலத்தோட்டங்களிலும் கூலி வேலை செய்வோருக்கு, மருத்துவமனைக்குச் செல்லும் நாள் கூலியில்லாத நாள். ஆகவே வயிற்றெரிச்சலைச் சோடாவால் அடக்குகின்றனர். உடல்வலிக்குக் கடையில் வாங்கிய மாத்திரையை வெறும் வயிற்றில் விழுங்குகின்றனர். வலி நிவாரணிகளே இரைப்பையில் புண்ணை உண்டாக்கக்கூடும் என்பதை அவர்களுக்கு யார் சொல்வது? கவனிக்கப்படாத புண் இரத்தம் கசியும், மலம் கறுக்கும், சில வேளைகளில் குடலே துளைபடும்.

ஒரு நாள் கூலியை மிச்சப்படுத்தும் கணக்கு, இறுதியில் குடும்பத்தையே கடனாளியாக்குகிறது. தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இம்மாவட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் அதன் பயன் தோட்டத்தை எட்ட வேண்டுமானால், வேலை முடிந்து திரும்பும் மாலை வேளையில் சிற்றூர்களில் மருத்துவ முகாம்கள் நடைபெற வேண்டும். மருத்துவம் பார்க்கும் நாளுக்குக் கூலி தருவதைத் தோட்ட உரிமையாளர்கள் செலவாகக் கருதலாகாது. நலமுள்ள உடலே அவர்களின் முதல் மூலதனம்.