கோவில் கட்டிய ராசமணி

கல்கத்தாவுக்கு வடக்கே, கங்கைக் கரையில் தட்சிணேசுவரம் காளி கோவில் இருக்கிறது. ராமகிருஷ்ண பரமஹம்சர் பூசை செய்த கோவில் அது. அதைக் கட்டியவர் ஒரு பெண். அவர்தான் ராணி ராசமணி.

ராசமணி அரச குடும்பத்தில் பிறந்தவர் அல்ல. 1793-ம் ஆண்டு கோனா என்ற சிறிய கிராமத்தில், ஓர் ஏழை வீட்டில் பிறந்தார். ராணி என்பது தாய் ஆசையோடு வைத்த செல்லப் பெயர்.

11-வது வயதில் திருமணம் நடந்தது. கணவர் ராஜசந்திர தாஸ், கல்கத்தாவில் பெரும் பணக்காரர். 4 பெண் குழந்தைகள் பிறந்தார்கள். 1836-ல் கணவர் இறந்துவிட்டார்.

கணவனை இழந்த பெண் வீட்டுக்குள் அடைந்து கிடந்த காலம் அது. ராசமணி அப்படி இருக்கவில்லை. ஜமீன் நிர்வாகத்தைத் தாமே ஏற்றார். மருமகன் மதுரமோகன் அவருக்குத் துணையாக இருந்தார்.

கங்கைக்குச் சங்கிலி

கங்கையில் மீன் பிடிக்க வெள்ளைக்காரக் கம்பெனி வரி போட்டது. ஏழை மீனவர்கள் ராசமணியிடம் ஓடி வந்தார்கள்.

ராசமணி பத்தாயிரம் ரூபாய் கொடுத்து ஆற்றின் ஒரு பகுதியைக் குத்தகைக்கு எடுத்தார். பிறகு ஆற்றின் குறுக்கே சங்கிலி கட்டச் செய்தார். கப்பல்கள் நின்றுவிட்டன. கப்பல் போனால் மீன் கலைகிறது, குத்தகைக்காரிக்கு நட்டம் என்று காரணம் சொன்னார். முடிவில் வரி நீங்கியது.

பூசைக்கு ஆள் இல்லை

1847-ல் ராசமணி காசிக்குப் புறப்பட்டார். படகுகள் தயாராக நின்றன. அன்று இரவு அவர் கனவில் காளி தோன்றினாள். காசிக்குப் போக வேண்டாம், கங்கைக் கரையிலேயே கோவில் கட்டு என்று சொன்னாளாம். ராசமணி பயணத்தை நிறுத்தினார். 20 ஏக்கர் நிலம் வாங்கினார். காளிக்கு ஒரு கோவில், ராதாகிருஷ்ணருக்கு ஒரு கோவில், சிவனுக்கு 12 கோவில்கள் என்று எழுப்பினார். 8 ஆண்டுகள் வேலை நடந்தது. சுமார் 9 லட்சம் ரூபாய் செலவானது.

ஆனால் பூசை செய்ய யாரும் வரவில்லை. காளிக்குத் தினமும் சோறு படைக்க வேண்டும் என்பது ராசமணியின் ஆசை. அவரோ கைவர்த்தர் குலம். அந்தக் குலத்துப் பெண் கட்டிய கோவிலில் அன்னம் படைக்கச் சாத்திரம் இடம் தராது என்று பண்டிதர்கள் கைவிரித்தார்கள்.

ராம்குமார் என்ற ஒரு பண்டிதர் மட்டும் வழி சொன்னார். கோவிலை ஓர் அந்தணருக்குத் தானம் செய்துவிட வேண்டும். அவர் தெய்வத்தை நிறுவினால் குற்றம் இல்லை என்றார்.

தம் பணத்தில் கட்டிய கோவில், தமக்குச் சொந்தம் இல்லாமல் போகும். ராசமணி தயங்கவில்லை. தம் குருவின் பெயருக்குக் கோவிலைத் தானம் செய்தார். 1855-ம் ஆண்டு மே மாதம் 31-ந் தேதி காளி பிரதிட்டை நடந்தது. ராம்குமாரே பூசாரியாக அமர்ந்தார்.

ராம்குமாரின் தம்பி கதாதரருக்கு அப்போது வயது 19. அவரும் அன்று கோவில் சோற்றைத் தொடவில்லை. கடையில் பொரி வாங்கித் தின்றார். அதே கதாதரர் பின்னர் அங்கேயே பூசாரியாகி, பரமஹம்சராக உலகப் புகழ் பெற்றார்.

சன்னதியில் விழுந்த அடி

ஒரு நாள் ராசமணி சன்னதியில் அமர்ந்து, பரமஹம்சர் பாடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். மனமோ ஒரு வழக்கில் ஓடியது. அதை உணர்ந்த பரமஹம்சர் சட்டென்று ராசமணியை அடித்துவிட்டார். வேலையாட்கள் அவரைப் பிடிக்கப் பாய்ந்தார்கள். ராசமணி தடுத்தார். தவறு தம்முடையது என்று ஒப்புக்கொண்டார்.

கடைசிக் கையெழுத்து

கோவில் செலவுக்காக ராசமணி தினாஜ்பூரில் நிலம் வாங்கியிருந்தார். 1861 பிப்ரவரி 18-ந் தேதி, மரணப் படுக்கையில், அந்த நிலத்தைக் கோவிலுக்கு எழுதி வைத்தார். உயிரோடு இருந்த மகள்கள் இருவர். இளையவள் சம்மதித்தாள். மூத்தவள் கையெழுத்துப் போட மறுத்தாள். அந்தக் கவலை தீராமலே, மறுநாள் ராசமணி கண் மூடினார்.

இவர் சோறு காளிக்கு ஆகாது என்று ஒரு காலத்தில் சொன்னார்கள். இன்று எல்லாக் குலத்தாரும் அந்தக் கோவில் பிரசாதத்தைக் கைநீட்டி வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள்.