ஊமைப்படம் எடுத்த டானியல்

என் ஊர் கொல்லயில். பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடைப்பட்டது. வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம். முன்னாளில் எங்களூரும் அகஸ்தீஸ்வரமும் ஒரே திருவிதாங்கூர். 1956 நவம்பர் 1-இல் இடையே எல்லைக்கோடு விழுந்தது. அக்கோடு ஒரு கலைஞரின் முதுமையை வாட்டிய கதையை எழுதப் புகுந்தேன்.

ஜே. சி. டானியல் அகஸ்தீஸ்வரத்துத் தமிழ்க் கிறிஸ்தவர், செல்வக் குடும்பத்தவர். இளமையில் அவருக்குப் பித்து சினிமாவன்று, களரிப்பயிற்று! வாட்போர் பற்றி ஆங்கிலத்தில் நூலே எழுதினார். அக்கலையைப் பரப்பச் சினிமாவே வழியென எண்ணி, சென்னைக்கும் பம்பாய்க்கும் சென்றார், நிலத்தை விற்றார், திருவனந்தபுரம் பட்டத்தில் ‘திருவிதாங்கூர் நேஷனல் பிக்சர்ஸ்’ நிலையத்தைத் தொடங்கினார்.

அங்கு உருவானது ‘விகதகுமாரன்’. மலையாளத்தின் முதற்படம், ஊமைப்படம். புராணப் படங்கள் மலிந்த நாளில் இவர் எடுத்ததோ சமூகக் கதை. செல்வர் மகன் சந்திரகுமாரனைப் பூதநாதன் என்னும் கொடியவன் இலங்கைக்குக் கடத்துகிறான். ஆண்டுகள் கழித்து அங்கே வரும் உறவினன் ஜயசந்திரன், யாரென்றறியாமலே அவனுடன் நட்புக் கொள்கிறான். இருவரும் ஊர் திரும்ப, நண்பனின் தங்கைக்கும் ஜயசந்திரனுக்கும் காதல் அரும்புகிறது. முதுகுத் தழும்பு உண்மையைச் சொல்ல, எல்லாம் இன்பமாக முடிகிறது. ஜயசந்திரன் டானியலேதான்.

திரையில் இன்பம், கொட்டகையிலோ கல்மாரி! படம் வெளிவந்த ஆண்டு 1928 என்று நெடுநாள் எழுதினர். 1930 என்பதே இன்று பலர் கொள்வது. தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்த பி. கே. ரோஸி நாயர் குலப் பெண்ணாக நடித்ததைக் காப்பிடல் கொட்டகையில் கூடிய மேற்சாதியார் சிலர் பொறுக்கவில்லை. திரை கிழிந்தது. ரோஸி ஊரைவிட்டே ஓட நேர்ந்தது; நாகர்கோவில் பக்கம் ஒரு லாரி ஓட்டுநரை மணந்து, ராஜம்மாளாக மறைந்து வாழ்ந்தார் என்பர். காதலித்து நடித்ததற்கு ஒரு பெண் கொடுத்த விலை இது. டானியலின் நஷ்டத்தைவிட இதுவே என் நெஞ்சை அறுக்கிறது.

கடன் நெருக்கியது; நிலையம் மூடப்பட்டது. டானியல் பல் வைத்தியரானார். மீண்டும் சினிமா ஆசை பற்றியது, இருந்ததும் போயிற்று. முதுமையில் சொந்த ஊர் திரும்பினார். நலிந்த கலைஞருக்கான உதவிப்பணம் வேண்டியபோது, அவர் வாழும் ஊர் தமிழ்நாட்டில் உள்ளதெனக் கேரளத்தார் கைவிரித்தனர். 1975-இல் மறைந்தார்.

பத்திரிகையாளர் சேலங்காட்டு கோபாலகிருஷ்ணன் விடாது எழுதி அவர் புகழை மீட்டார். 1992-இல் அதே கேரள அரசு தன் உயரிய திரைப்பட விருதுக்கு டானியலின் பெயரைச் சூட்டியது. படச்சுருளில் ஓர் அடிகூட எஞ்சவில்லை. எங்களூரிலிருந்து களியக்காவிளை கடந்து அகஸ்தீஸ்வரம் செல்ல ஒரு முற்பகல் போதும். சென்ற விடுமுறையில்தான் முதன்முறை போனேன்.