வாயுக்களை அளந்த ஜான் டால்டன்

வேதியியல் வகுப்பில் பகுதி அழுத்தக் கணக்குப் போடும் நாம் ஜான் டால்டனை மறக்கலாகாது. 1766இல் இங்கிலாந்தின் ஈகிள்ஸ்ஃபீல்டு என்னும் சிற்றூரில் நெசவாளர் மகனாய்ப் பிறந்தார். 12 வயதிலேயே பள்ளியில் பாடம் சொல்லிக் கொடுத்தார். நம் ஏழாம் வகுப்புத் தங்கைகள் எண்ணிப் பார்க்கட்டும்!

1787 முதல் நாள்தோறும் வானிலையைக் குறித்து வந்தார். காற்றிலுள்ள நீராவி காற்றோடு வேதியியல் முறையில் கூடிவிடுகிறது என்று அந்நாளைய அறிஞர் பலர் நம்பினர். டால்டன் அதை ஏற்கவில்லை. கலவையிலுள்ள ஒவ்வொரு வாயுவும், அக்கலத்தில் தான் மட்டும் இருந்தால் தரும் அழுத்தத்தையே தருகிறது என்று 1801இல் அறிவித்தார். மொத்த அழுத்தத்தை மோல் பின்னத்தால் பெருக்கினால் அதைப் பெறலாம். (மோல் என்ற சொல் அவருக்குப் பின் வந்தது.) உலர்ந்த காற்றில் ஆக்சிஜனின் மோல் பின்னம் 0.21; மொத்த அழுத்தம் 760 மி.மீ. என்றால் ஆக்சிஜனுடையது ஏறத்தாழ 160 மி.மீ.

1844 ஜூலை 26 அன்று நடுங்கும் கையால் வானிலைக் குறிப்பை எழுதினார். மறுநாள் காலமானார்.