நண்பனாய் நின்ற நாயகன்: ஜே. பி. சந்திரபாபு

முத்துக் குளித்த கடற்கரை நம்முடையது. கலமேறிப் பிறநாடு சென்றவர்களையும், கலத்தில் வந்திறங்கியதைத் தமதாக்கிக் கொண்டவர்களையும் தலைமுறை தலைமுறையாகக் கண்ட கரை இது. தூத்துக்குடிப் பரதவர் தம் தாயெனப் போற்றும் பனிமய மாதாவின் திருவுருவமும் 1555-ஆம் ஆண்டில் மணிலாவிலிருந்து கடல்வழியே வந்ததென்பது வழிவழி வந்த செய்தி. இக்கரையின் மைந்தர்களுள் கப்பலோட்டிய சிதம்பரனாரை நாம் நாள்தோறும் நினைக்கிறோம். திரையில் நாட்டையே சிரிக்க வைத்த மற்றொரு மைந்தரைச் சென்னைக்காரர் என்றே எண்ணி விட்டுவிட்டோம். அவர்தாம் ஜே. பி. சந்திரபாபு.

1927-இல் தூத்துக்குடியில் வசதி மிக்க பரதவக் கத்தோலிக்கக் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். பனிமய மாதாவின் அருளால் கிடைத்த பிள்ளை என்ற நன்றியினால் பெற்றோர் இட்ட பெயர் ஜோசப் பனிமயதாஸ். தந்தையார் ரோட்ரிக்ஸ் விடுதலைப் போராட்ட வீரர், இதழாளர். சத்தியாக்கிரகத்தில் ஈடுபட்டுச் சிறை புகுந்தார். உடைமைகளை அரசு பறித்துக் கொண்டது. ஊரில் வாழ வழியின்றிக் குடும்பம் கொழும்புக்குக் கலமேறியது. ஒரு காலத்தில் சிதம்பரனாரின் சுதேசிக் கப்பல்கள் ஓடிய அதே வழியில், விடுதலைக்காக யாவும் இழந்த ஒருவரின் இளம்பிள்ளையாகச் சந்திரபாபு சென்றார்.

கொழும்பில் பள்ளிக் கல்வி பெற்றார். 1943-இல் குடும்பம் சென்னை சேர்ந்து திருவல்லிக்கேணியில் குடியேறியது. இளைஞர் சந்திரபாபுவுக்கு ஆங்கிலப் பேச்சும் மேனாட்டு நடனமும் இயல்பாக வந்தன. தொண்டையை மேலும் கீழும் துள்ளவிட்டுப் பாடும் மேனாட்டு இசைமுறையும் கைவந்தது. ஆனால் அவற்றுக்கு அன்றைய தமிழ்த்திரை உடனே கதவு திறக்கவில்லை. 1947-இல் ‘தன அமராவதி’யில் தலைகாட்டிய பின்னும் ஆண்டுகள் வீணே கழிந்தன. 1952-இல் மனமுடைந்து ஜெமினி ஸ்டூடியோ வளாகத்திலேயே உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார். காப்பாற்றப்பட்டார், வழக்கும் வந்தது, அதிலிருந்தும் மீண்டார். அதே ஆண்டில் ஜெமினியின் ‘மூன்று பிள்ளைகள்’ படத்தில் இடம் பெற்றார்.

பின்னர் ஏறுமுகம். ‘பெண்’ படத்தில் எஸ். பாலசந்தருக்குப் பின்னணி பாடினார். ‘மணமகன் தேவை’, ‘புதையல்’, ‘மரகதம்’, ‘சகோதரி’, ‘அன்னை’ எனப் படந்தோறும் அவர் குரல் வீதியெங்கும் ஒலித்தது. நகைச்சுவை நடிகர் தம் பாடலைத் தாமே பாட, அப்பாடலுக்காகவே மக்கள் கொட்டகைக்கு வந்தனர். கேட்பவரைச் சிரிக்க வைத்துவிட்டு, வீடு திரும்பும் வழியில் சிந்திக்க வைக்கும் துயரம் அப்பாடல்களின் அடியில் ஓடியது.

அவருடைய கலையின் உச்சம் 1958-இல் வெளிவந்த ‘சபாஷ் மீனா’. ஹாலிவுட்டில் பிங் கிராஸ்பியும் பாப் ஹோப்பும் 1940 முதல் 1962 வரை ஏழு படங்களில் இணைந்து நடித்தனர். இரு நண்பர் ஊர்விட்டு ஊர் போவர், ஒருவர் காலை ஒருவர் வாருவர், காதலில் அகப்படுவர், இறுதிவரை பிரியார். இவ்வகைக் கதைக்குத் தமிழில் தக்க எடுத்துக்காட்டு பி. ஆர். பந்துலுவின் இப்படமே. பொறுப்பின்றித் திரியும் மகனைத் திருத்தக் கருதிய தந்தை, சென்னையிலுள்ள தம் நண்பர் வீட்டுக்கு அனுப்புகிறார். மகனோ தன் தோழனைத் தன் பெயரில் அங்கே அனுப்பிவிடுகிறான். தோழன் அவ்வீட்டுப் பெண்ணிடம் மனத்தைப் பறிகொடுக்க, மகன் மீனாவைக் காதலிக்கிறான். ஒரு பொய்யைக் காக்க ஒன்பது பொய்கள் பிறக்கின்றன.

மகனாகச் சிவாஜி கணேசன், தோழனாகச் சந்திரபாபு. போதாதென்று ரிக்‌ஷாக்காரராக இரண்டாம் வேடமும் சந்திரபாபுவுக்கே. தமிழ்ப்படத்து நகைச்சுவை நடிகர் நாயகனுக்கு ஓரடி பின்னே நிற்பதே வழக்கம். இப்படத்தில் சந்திரபாபு ஓரடியும் பின்னே நிற்கவில்லை. நடிப்பின் சிகரமாகிய சிவாஜியின் தோளோடு தோள் நின்றார். இதையே பந்துலு ‘தில் தேரா தீவானா’ என்று 1962-இல் இந்தியில் எடுத்தபோது, அதில் நடித்த மெஹ்மூத் பிலிம்ஃபேர் விருது பெற்றார். மூல வேடத்தின் வலிமைக்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

திரையில் பெருமை தந்த இந்நிமிர்வே வாழ்வில் பகையும் தந்தது. பெரிய நடிகர்களையும் மிஸ்டர் என்று பெயர் சொல்லி விளிப்பார்; மனத்தில் பட்டதை மறைக்காமல் உரைப்பார். தலைவணங்குதலே நாகரிகமாயிருந்த உலகில் அது செருக்கெனப் பட்டது. செருக்கு அறவே இல்லையென்று வாதிடவும் இயலாது. மணவாழ்வும் நிலைக்கவில்லை. மனைவி தம் பழைய காதலை வெளியிட்டபோது சினவாது, அவரை அவர் விரும்பிய வாழ்வுக்கு விடுத்தார். அந்தப் பெருந்தன்மையின் விலையைத் தனிமையாகவும் மதுவாகவும் தாமே செலுத்தினார்.

1960-இல் கண்ணதாசன் தயாரிப்பில் அவர் நாயகராக நடித்த ‘கவலை இல்லாத மனிதன்’ இருவருக்கும் கவலையையே தந்தது. எம்.ஜி.ஆரை வைத்துத் தொடங்கிய ‘மாடி வீட்டு ஏழை’ பாதியில் நின்றது. கிரீன்வேஸ் சாலையில் எழுப்பிய கனவு மாளிகை கடனில் போயிற்று. 1966-இல் ‘தட்டுங்கள் திறக்கப்படும்’ படத்தைத் தாமே இயக்கினார். தட்டிய கதவு திறக்கவில்லை. 1969-இல் அதே எம்.ஜி.ஆரின் ‘அடிமைப் பெண்’ணில் அவருக்கு இடம் கிடைத்தது. 1974 மார்ச் 8-ஆம் நாள் ஐம்பதும் எட்டாமல் மறைந்தார். அடையாற்று முகத்துவாரத்தை அடுத்த குயிபிள் தீவுக் கல்லறைத் தோட்டத்தில், கடற்காற்று வீசும் இடத்தில் துயில்கிறார்.

முத்துக் குளிப்போர் மூச்சடக்கி ஆழம் செல்வர். நெடுநேரம் தங்கினால் மீளார். சந்திரபாபு தம் துயரத்தின் ஆழத்திலிருந்தே சிரிப்பென்னும் முத்தை எடுத்து வந்தார். எடுத்ததை நமக்குத் தந்துவிட்டு, தாம் மட்டும் மீளவில்லை. முத்தை அணிந்து மகிழும் நாம், குளித்தவரை மறத்தல் தகுமா? ஆண்டுதோறும் ஆகஸ்டில் பனிமய மாதா விழாவுக்கு ஊர் கூடும்போதேனும், பனிமயதாஸ் என்ற நம் பிள்ளையை ஒரு கணம் நினைப்போம்.