ரயில் ஊழியரின் மகன் ஒஸ்கார் பீற்றர்சன்

மிசிசாகாவில் ஒஸ்கார் பீற்றர்சன் பெயரில் ஒரு பாடசாலை உண்டு. உலகம் கொண்டாடிய அந்த ஜாஸ் பியானோக் கலைஞரைப் பற்றி நம் வீடுகளில் நாம் அதிகம் பேசுவதில்லை.

1925இல் மொன்றியலில் பிறந்தவர். தந்தை டானியல் கரீபியன் தீவிலிருந்து வந்து, கனடியன் பசிபிக் ரயிலில் பயணிகளுக்குப் பணிவிடை செய்தவர். வேலைக்குப் புறப்படுமுன் ஐந்து பிள்ளைகளுக்கும் இசைப்பாடம் கொடுப்பார். திரும்பியதும் ஒவ்வொருவரும் வாசித்துக் காட்ட வேண்டும். ஒஸ்கார் ட்ரம்பெற்றும் பழகினார். காசநோய் வந்ததால் அதை விட்டுப் பியானோவோடு நின்றார். அண்ணன் பிரெட்டை அந்த நோயே கொண்டுபோனது.

பதின்ம வயதில் மகனுக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறியபோது, தந்தை ஆர்ட் டேற்றமின் இசைத்தட்டு ஒன்றைக் கேட்கவைத்தார். இரண்டு பேர் வாசிப்பதாகவே ஒஸ்கார் நினைத்தார். ஒருவர்தான் என்று அறிந்ததும் வாரக்கணக்கில் பியானோவைத் தொடவில்லை. அரங்கேற்றம் முடித்த பிள்ளைகளை வைத்திருக்கும் நமக்கு இந்த வைத்தியம் விளங்கும்.

1949இல் நியூயோர்க்கின் கார்னகி மண்டபத்தில் அவர் வாசித்தபோது அமெரிக்காவில் வேலை செய்யும் அனுமதி கையில் இல்லை. பார்வையாளர் வரிசையிலிருந்து எழுப்பி மேடையேற்றினார்கள். அந்த ஒரே இரவில் பெயர் பரவியது. ஆனாலும் அவர் அமெரிக்காவில் குடியேறவில்லை. 1958இல் ரொறன்ரோவுக்கு வந்தார். 1960இல் இங்கே தன் குழுவினரோடு இசைப்பள்ளி தொடங்கினார். ஓயாத பயணங்களால் அது சில ஆண்டுகளே நடந்தது. 1964இல் வெளியான அவரது கனடியானா தொகுப்பின் எட்டு இசைத்துண்டுகள் நாட்டின் கிழக்கிலிருந்து மேற்குக்குப் போகின்றன. தந்தையின் ரயில் போலவே அது நமக்குக் கேட்கிறது.

இந்த நாடு அவரை எப்போதும் அணைத்துக்கொள்ளவில்லை. 1951இல் ஹமில்ரனில் ஒரு முடிதிருத்துநர் கறுப்பர் என்பதால் அவருக்கு முடிவெட்ட மறுத்தார். எண்பதுகளின் தொடக்கத்தில், கனடியத் தொலைக்காட்சி விளம்பரங்களில் வெள்ளையர் முகங்கள் மட்டுமே தெரிவதை அவர் பகிரங்கமாகக் கேள்வி கேட்டார். ஒன்ராறியோ சட்டமா அதிபர் வரை விடயத்தைக் கொண்டுபோனார். 83க்குப் பின் நம்மவர்கள் பெருமளவில் வந்திறங்கியபோது திரையில் வேறு நிறங்களும் தலைகாட்டத் தொடங்கியிருந்தன. அதில் அவருக்கும் பங்குண்டு.

1993இல் பக்கவாதம் இடது கையைத் தளர்த்தியது. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் மேடையில் இல்லை. பிறகு திரும்பினார். வேகம் குறைந்திருந்தது, பெரும்பாரத்தை வலது கையே சுமந்தது. 2007 டிசம்பர் 23இல் மிசிசாகாவில் காலமாகும்வரை பியானோவை அவர் விடவில்லை.