பிரசாந்த சந்திர மகலனோபிஸ்

ஒரு நாட்டில் எத்துணைக் குடும்பங்கள் பசித்திருக்கின்றன என்று வினவுவார்க்கு விடை கூறுதல் எளிதன்று. வீடுதோறும் சென்று எண்ணப் புகின், எண்ணி முடிவதற்குள் பசித்தவர் மாண்டொழிவர். சில வீடுகளை மட்டும் எண்ணின், அவை ஏனையவற்றுக்குச் சான்றாகுமோ என்னும் ஐயம் எழும். இவ்வையத்தைத் தீர்ப்பதையே வாழ்நாட் பணியாகக் கொண்டவர் மகலனோபிஸ் என்னும் வங்கப் பெரியார்.

இவர் 1893-ஆம் ஆண்டு ஜூன் 29-ஆம் நாள் கல்கத்தாவில், பிரம்ம சமாஜத்தைச் சார்ந்த குடும்பத்தில் தோன்றினார். அந்நகரத்துப் பிரஸிடென்ஸி கல்லூரியிற் பௌதிகம் கற்று, 1913-இல் கேம்பிரிட்ஜை அடைந்தார். அங்கே நம் சீனிவாச இராமானுஜனார்க்கு நண்பரானார். இராமானுஜனார் இரவில் குளிரால் வருந்துவதைக் கேட்டு, அவர்தம் படுக்கையைச் சென்று நோக்கினாராம். கம்பளங்களின் உள்ளே புகுந்து உறங்கவேண்டும் என்பதை அறியாது, அவற்றின் மேலேயே கணித மேதை படுத்துவந்தமை அப்பொழுதுதான் வெளியாயிற்று! சிறு செய்தியேயாயினும், கேட்டதோடமையாது சென்று காணும் இவர் இயல்பை இது காட்டுகின்றது.

1915-இல் தாயகம் திரும்புங்கால், ஆசிரியரொருவர் சுட்டிய பயோமெட்ரிகா என்னும் ஆராய்ச்சி இதழின் தொகுதிகளை வாங்கி வந்தார். அவையே பௌதிக ஆசிரியராகிய இவரைப் புள்ளியியலின்பால் ஈர்த்தன. 1931-இல் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவினார்.

வங்காளத்தில் நிலவரி நிரந்தரமாக வரையறுக்கப்பட்டிருந்தமையின், நம் பக்கத்துக் கணக்குப்பிள்ளை போன்றோர் அங்கு ஊர்தோறும் இருந்திலர். விளைச்சற் கணக்கெல்லாம் பெரும்பாலும் கண்மதிப்பே. 1937-இல் மகலனோபிஸ் சணற்பயிரை அளக்கத் தொடங்கினார். எல்லா வயல்களையும் அளவாமல், குருட்டாம்போக்கில் அமைந்த எண்களைக்கொண்டு சிற்சில நிலங்களைத் தெரிந்து அவற்றையே அளப்பித்தார். விருப்பு வெறுப்புக்கு அங்கு இடமில்லை. ஆனால் அளப்பவன் சேற்றுக்கு அஞ்சி, வரப்பில் நின்றே எழுதிவிட்டால் என் செய்வது? இக்கேள்வியை இவரைப்போல் ஊன்றி எண்ணினார் மிகச் சிலரே. ஒரே நிலப்பரப்பில் இரண்டு மாதிரிகளைத் தனித்தனியே எடுத்து, இரு வேறு குழுவினரிடம் ஒப்புவித்தார். இருவர் கணக்கும் நெருங்கி வரின் நம்பலாம். பெரிதும் விலகின் எங்கோ பிழை உண்டு. பிழை தானே தன்னைக் காட்டிக்கொடுக்கும் வகை இது.

1943-இல் வங்காளத்தைப் பெரும்பஞ்சம் சூறையாடியது. இறந்தவர் பல இலட்சம். அடுத்த ஆண்டில் இவருடைய கழகத்தார் ஊர்களுட் சென்று, நிலத்தை விற்றவர் யார், மாட்டை இழந்தவர் யார், எத்தொழிலாளர் வறியராயினர் என்று வீடுவீடாகக் கேட்டறிந்தனர். பஞ்சம் எல்லார்மேலும் ஒருபடித்தாக விழவில்லை என்பது அக்கணக்கால் விளங்கிற்று.

இவர் முறையிற் குறையே இல்லை என யாம் கூறோம். நெல் விளைச்சலை அறியச் சிறு வட்டங்களாக அறுப்பித்தார். வட்டம் சிறுத்தால், விளிம்பிலுள்ள தாள்களையும் அறுப்பவர் உள்ளே சேர்த்துக்கொள்வர். விளைச்சல் மிகுந்து தோன்றும் எனச் சுகாத்மே என்னும் அறிஞர் எடுத்துக்காட்டினார். அவ்வழக்கில் சுகாத்மேயின் பக்கமே நியாயம் என்பது எம் கருத்து. இரு குழுவினரும் ஒரே பக்கமாகத் தவறுவாராயின் இரு கணக்கும் ஒத்தே நிற்கும்; பிழையோ மறைந்திருக்கும்.

1947 முதல் ஐக்கிய நாட்டு மாதிரிக் கணக்கெடுப்புத் துணைக்குழுவின் தலைவராயிருந்து, பிற நாட்டாரும் இம்முறையை ஏற்கச் செய்தார். 1950-இல் தொடங்கிய தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு இவர் முயற்சியின் பயனே. முதற் சுற்றிற்கு 1,833 கிராமங்கள் தெரிந்தெடுக்கப்பெற்றன. குடும்பம் உண்பது எவ்வளவு, உடுப்பது எவ்வளவு என்று அங்குக் கேட்ட கேள்விகளின் வழியிலேயே, இந்திய வறுமையைப் பற்றிய பிற்கால ஆராய்ச்சிகள் பெரும்பாலும் எழுந்தன.

மகலனோபிஸ் 1972-ஆம் ஆண்டு ஜூன் 28-ஆம் நாள், எழுபத்தொன்பது வயது நிரம்புவதற்கு ஒருநாள் முன்னர் இறந்தார். அவ்வேளையில் 26-ஆம் சுற்றுக் கணக்காளர்கள் ஊர்தோறும் குடியானவரின் நிலத்தையும் கடனையும் கேட்டு எழுதிக்கொண்டிருந்தனர்.